மூன்றாவது தண்டை யார் பிடுங்கியது?

வடக்கனந்தலில் இருந்து மார்கரெட் மூன்று டிராகன் பழத் தண்டுகளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அவள் ஜீனத்துன்னிசாவின் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா ராயப்பன் தோட்டத்தில் கல் தூண்களில் ஏற்றி இந்தச் செடியை வளர்க்கிறார்.

“வெட்டின எடம் காயணும்டி. ஒரு வாரம் நெழல்ல போட்டுட்டு அப்புறம் நடு,” என்றாள் மார்கரெட். “நட்டப்புறம் தொடாத. புது வேரு நூலு மாதிரி இருக்கும், இழுத்தா அறுந்துடும். இனிமே அடுத்த வருஷம் செடிய வெட்டி கவாத்து பண்றப்பதான் தண்டு கெடைக்கும், பாத்துக்க.”

ஜீனத் அப்படியே செய்தாள். கள்ளக்குறிச்சி வீட்டு மொட்டைமாடியில் மூன்று பெயின்ட் வாளிகளில் நட்டாள். தண்ணீரும் கொஞ்சமாகத்தான் ஊற்றினாள்.

ஆனாலும் இரண்டு வாரத்தில் ஒரு தண்டு அழுகிப்போனது. நாலு நாள் கழித்து இன்னொன்றும் கொழகொழவென்று சாய்ந்தது. அதை எடுத்துப் பார்த்தால், அடியில் அறுந்துபோன குட்டி வேர்கள்!

யாரோ பிடுங்கிப் பார்க்கிறார்கள்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் மண் தொடும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தாள். மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டு ஓடிவந்து பார்த்தாள். கோடு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது!

சந்தேகப்பட ஆள் தேடவே வேண்டாம். தம்பி ஜான் பாஷாவுக்கு ஐந்து வயது. டார்ச் லைட்டுக்குள் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தவன் அவன்.

“டேய், நீதான புடுங்கின?”

“நான் இல்லக்கா!”

“பின்ன இன்னா, தண்டு தானா எழுந்து நடந்துச்சா?”

“நடந்தா என்னையும் கூப்புடுக்கா, நானும் பாக்கணும். ஆனா நான் தொடமாட்டேன். அதுல முள்ளு கீது.”

அப்போது டீ குடிக்க வீட்டுக்கு வந்தார் அவர்களுடைய அப்பா கலீலுல்லா. அரிசிக் கடைக்காரர். பிள்ளைகள் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஜீனத், ஊக்கு எடுத்துக்கினு வாம்மா. கட்டை வெரல்ல இன்னாமோ குத்திக்கினு கீது.”

“எங்க குத்துச்சு அத்தா?”

“கடையில... அட்டப்பொட்டி பிரிக்கறப்ப.”

ஊக்கால் நெம்பியதும் ஒரு சின்ன முள் வெளியே வந்தது. ஜீனத் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“அட்டப்பொட்டியில முள்ளு மொளைக்குதா அத்தா?”

அத்தா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். “வேரு வுட்டுச்சான்னு ஒரு வாட்டி பாத்தேம்மா.”

“ஒரு வாட்டியா?”

“தெனமும் ஒரு வாட்டி.”

“அத்தா!”

“இன்னா பண்றது? குத்தூசி வுட்டு உள்ள எப்படி கீதுன்னு பாக்காம ஒரு மூட்டை அரிசி வாங்கமாட்டேன். அந்தப் பழக்கம்.”

ஜீனத்துக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

“தப்புதாம்மா,” என்றார் அத்தா, குரலைத் தாழ்த்தி. “மாடிக் கதவ பூட்டி சாவிய நீயே வெச்சுக்கோ.”

ஜீனத் யோசித்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவளுக்கும்தானே தினமும் விரல் துறுதுறுத்தது!

“சாவி வேணாம். கடையில காலி மிட்டாய் டப்பா கீதா? உள்ள இருக்கறது வெளிய தெரியணும்.”

அத்தா கடைக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டார்கள். மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, தண்டை ஓரமாக நட்டார்கள். வெளிச்சம் படாமல் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டினாள் ஜீனத்.

“பாக்கணும்னா துணிய மட்டும் எறக்கணும். கைய பின்னால கட்டிக்கணும்.”

“சரிங்க டீச்சர்,” என்றார் அத்தா.

தினமும் காலையில் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முதல் வாரம் மண் தெரிந்தது. இரண்டாவது வாரமும் மண்தான். ஒருநாள் ஒரு எறும்பு தெரிந்தது.

பதினெட்டாம் நாள் மாடியில் இருந்து அத்தா கத்தினார்.

“ஜீனத்! வந்து பாரு!”

டப்பாவின் ஓரத்தில் வெள்ளை நூல் போல ஒரு வேர். பக்கத்திலேயே இன்னொன்று!

“அக்கா,” என்றான் ஜான் பாஷா. “அத்தா கைய கட்டிக்கினுதான் கீறாரு. மூக்குதான் டப்பாவ தொடுது!”

அன்று கடை அரை மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தது. இரண்டு படி அரிசி கேட்டு வந்த பச்சையம்மாளுக்கு, அந்த வேர் எத்தனை நீளம் என்று அத்தா விரலில் அளந்து காட்டினார். அரிசியை அப்புறம்தான் அளந்தார்.