கீழ் வீட்டுப் பேச்சு

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் செத்தவீடு. ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கத்துக் கிழவர் நூர் ஆகாவின் தங்கை போய்விட்டாள். நானும் மனைவி சுதாஜினியும் நாலு வயது மகள் தக்ஷினியும் தேத்தண்ணீர்ப் போத்தலோடு படியிறங்கினோம். அறை முழுக்க ஈரக் கம்பளி மணம்.

அவரும் தங்கையும் பேசியது மொகோல். மங்கோலியரோடு அங்கே வந்து தங்கிப்போன பழைய மொழி. ஊரிலேயே பேச ஆளில்லையாம். இந்த நகரத்தில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். "இனி நான் யாரோடு பேசுவேன்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புறப்படும்போது மகள், செத்தவளின் வெறும் நாற்காலியைப் பார்த்து, நாங்கள் பழக்கியபடியே, "போட்டு வாறன். நீங்களும் எங்கட வீட்டுக்கு வாங்கோ" என்றாள்.

சுதாஜினி அவள் வாயைப் பொத்தினாள். "ஐயோ, செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லக்கூடாதெல்லே!"

"சும்மா இரும். சின்னப்பிள்ளை," என்றேன். கனடா வந்தும் இந்தப் பயமோ என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் பின்னேரம் சோபாவுக்குப் பின்னால் மகள் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள். தமிழ் இல்லை. கார்டெரியில், பிள்ளைக் காப்பகத்தில், பழகிய பிரெஞ்சும் இல்லை.

கொஞ்சம் நிறுத்தினாள். தலையாட்டினாள். பிறகு பதில் சொன்னாள்.

அதே கம்பளி மணம்.

ஓடிப்போய் நூர் ஆகாவைக் கூட்டிவந்தேன். அவர் அவள் முன்னால் மண்டியிட்டு, கைகளைப் பிடித்துக்கொண்டு, அதே மொழியில் பேசினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

"என் தங்கைதான். கூப்பிட்டார்கள், வந்தேன் என்கிறாள்."

"போகச் சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டேன், மகனே."

அவர் மேலே வராதபடி கதவைப் பூட்டினேன். மகள் தரையில் காதை வைத்துக் கதைத்தாள். கீழிருந்து அவர் குரல் வந்தது. அவளுடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் போனது. சோறு போனது, தண்ணி போனது, கடைசியில் அப்பாவும் போனது. காதும் நாக்கும் நல்லாய்த்தான் இருக்கிறதாம், டாக்டர் சொன்னார். கோயிலில் நூல் கட்டினோம். பெற்றவன் நான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் கிழவரும் இறந்தார். பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விட்டுது சனியன் என்றுதான் நினைத்தேன். இந்தமுறை செத்தவீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போட்டு வாறம் என்றுகூடச் சொல்லாமலே திரும்பிவந்தோம்.

சுதாஜினி குசினிக்குள் வெங்காயம் உரிக்கப் போனாள். நான் மகளை மடியில் இருத்தினேன்.

"பிள்ளை, அப்பா எண்டு ஒருக்காச் சொல்லம்மா."

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. குசினிப் பக்கம் திரும்பி, அந்த மொழியில் ஏதோ கேட்டாள்.

சுதாஜினி அதே மொழியில் பதில் சொன்னாள்.