இறக்காத மூட்டை

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட, அதற்கப்பால் பதுளைக்கு எல்லாமே மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்த காலம். அரிசிக் கடை லிங்கம் முதலாளி குடையும் சரிகைத் தலைப்பாகையுமாகக் கோர்ட்டுப் படியேறினார். போவது சாட்சி சொல்ல. நடையோ மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற நடை. நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மழைமூட்டம் ஊரையே மூடியிருந்தது. நடுப்பகலிலேயே கோர்ட்டுக்குள் விளக்கேற்றியிருந்தார்கள்.

படியோரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இராக்கம்மா அவரைக் கண்டதும் எழுந்தாள். செத்துப்போன சடையனின் பெண்சாதி.

"போன உசுரு போச்சுங்க, மொதலாளி. கொழுந்தனையாவது காப்பாத்திக் குடுங்க. பாத்ததைச் சொன்னாப் போதும்."

"சொல்றேன்மா, சொல்றேன். தள்ளி நில்லு, சேறு தெறிக்குது," என்றார் லிங்கம்.

அவர் பார்த்தது இதுதான். தேயிலைத் தோட்டத்து ஆள் வழியில் வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, ஓரச் சாக்கடைக் கானில் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த மரியாதை தனக்கும் வேண்டுமென்று சார்ஜன் வீரசிங்கத்துக்கு ஆசை. துரையாகப் பிறக்காத குறையைத் தடியால் தீர்த்துக்கொள்கிற பிறவி அவர். கடைத்தெருவில் அதை யாரும் தட்டிக் கேட்டதில்லை. முதலாளிமார் அவருக்கு நாற்காலி போட்டார்கள், சுருட்டு நீட்டினார்கள். அடிபட்டவனிடம் மட்டும், "உனக்கு ஏண்டா வீண் வம்பு?" என்று புத்தி சொன்னார்கள். தைரியமெல்லாம் அந்தப் பக்கம்தான் பாயும்.

தோட்டத்து ஆளான சடையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவுக்கு மூட்டை தூக்க வருவான். அன்று லிங்கத்தின் அரிசி மூட்டையோடு வந்தவன், சார்ஜனைக் கண்டும் தலைத்துண்டை அவிழ்க்கவில்லை. எப்படி அவிழ்ப்பான்? அதுதான் மூட்டைக்கு அடியில் சும்மாடாக இருந்தது. சார்ஜன் அடித்தார். மூட்டையை வாங்க ஓடிவந்த தம்பி கணபதியையும் அடித்தார். சடையன் கடைசி வரை மூட்டையை விடவில்லை. அதோடு மடிந்து விழுந்தான், எழுந்திருக்கவில்லை.

குடித்துவிட்டு அண்ணனும் தம்பியும் போலீஸ்மேல் கைவைத்தார்கள், அண்ணன் வழுக்கி விழுந்து செத்தான் என்று வழக்கு எழுதியாயிற்று. சாட்சி சொல்வதற்கு முதல் நாள் மாலை சார்ஜன் கடைக்கு வந்து ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு, "உம்மட கடையில களவுச் சாமான் ஒண்டும் இல்லைத்தானே, லிங்கம்?" என்று மட்டும் கேட்டிருந்தார். லிங்கத்துக்கு அது போதுமாக இருந்தது.

சாட்சிக் கூண்டில் அவருடைய குரல் கணீரென்று ஒலித்தது. "ரெண்டு பேருமே குடிச்சிருந்தாங்க, தொரை. சார்ஜன் ஐயா தடியவே தூக்கல. அவன் தானா வழுக்கி விழுந்தான்."

எதிர்க் கூண்டில் கணபதி நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சாட்சியைக் கேட்க ஏதும் உண்டா என்று, துரையின் இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்கிற கோர்ட்டு முதலியார் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றான் கணபதி. "மூட்டைய எறக்கிட்டு அவுக்கிறேன்னுதான் அண்ணன் சொல்லுச்சு. சேத்துல போட்டா அரிசி நனைஞ்சிரும், நான் சொல்ற வரைக்கும் எறக்காதன்னு கடைக்குள்ள இருந்து சத்தம் போட்டது நீங்கதானே, மொதலாளி?"

லிங்கம் சரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வாயே தொறக்கல," என்றார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நனைந்த சாக்கு, ஊறிய பச்சரிசி, அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போல ஒன்று. முதலில் வாசல் பக்கம் இருந்தது. பிறகு கொஞ்சம் கிட்டத்தில். விளக்குச் சுடர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்றோ சிறிதும் இல்லை.

எழுதிக்கொண்டிருந்த நீதவான் துரை நிமிர்ந்தார். கூட்டத்துக்குப் பின்னால் எதையோ பார்த்து முகம் சுளித்து, இங்கிலீசில் சிடுசிடுத்தார். முதலியார் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் தடுமாறினார்.

"அங்கே பின்னால்... மூட்டையோடு நிற்கிறவன்... தலைப்பாகையை அவிழ்க்க வேண்டுமாம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

பின்னால் யாருமில்லை.

லிங்கம் மட்டும் திரும்பவில்லை.

துரை சொல்லிவிட்டால் சார்ஜனுக்குப் பார்க்கவும் வேண்டுமா, யோசிக்கவும் வேண்டுமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். சுவருக்கு முன்னால் நின்று ஏதோ ஒன்றை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய முகம் பழகிய வெறியில் சிவந்தது.

"கழட்டடா," என்றார். "ஆருக்கு முன்னால நிக்கிறாய் தெரியுமோ?"

தடி காற்றில்தான் விழுந்தது.

சத்தம் சதையில் விழுந்த சத்தம்.

மறுபடியும். மறுபடியும். அடிக்கு நடுவே யாரோ மூச்சை அடக்கி முனகுவது அந்தக் கூடம் முழுவதற்கும் கேட்டது. பதுளையின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்; அத்தனை பேரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முனகல் நகர்ந்து வந்தது. லிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"மொதலாளி," என்றது, மரியாதை குறையாமல். "எறக்கவாங்க?"

லிங்கம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணபதி வீட்டுக்குப் போயிருப்பான். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பெரிய மனிதரானவர் அவர். அந்தப் பழக்கம் கைவிடவில்லை.

நீதவான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சார்ஜனுக்கு ஓயாத உழைப்பால் காய்ச்சல் என்று சொல்லி, நாற்காலியும் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். கணபதிக்கு ஆறு மாதம் கடூழியச் சிறை. தீர்ப்பை எழுதும்போது துரை இரண்டு முறை பின்சுவரைப் பார்த்தது உண்மை. பார்த்துவிட்டும் எழுதி முடித்தார்.

வெளியே இராக்கம்மா அழவில்லை. இறங்கி வந்த லிங்கத்தைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்தாள். பாரத்தோடு வருகிறவருக்கு வழி விடுகிறவளாக ஒதுங்கினாள்.

"சொல்லிருங்க, மொதலாளி," என்றாள். "அவருக்குக் கழுத்து நோவும்."

அன்றிலிருந்து கடையில் உலர்ந்த அரிசி இல்லை. கட்டிப் போட்ட மூட்டைகூட அடியில் ஈரமாக இருந்தது. படுக்கையிலும் அந்த வாடை. சோற்றிலும் அந்த வாடை. தனியாக இருக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது. கோபம் இல்லை, அதட்டல் இல்லை. வேலைக்காரன் கேட்கிற கேள்வி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீரசிங்கத்துக்குக் காய்ச்சல் குணமாகி, பதவி உயர்வும் வந்தது. மொனராகலைக்கு மாற்றம். ஊர் சும்மா இருக்குமா? கடைத்தெருவில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, நீதி காத்த சார்ஜனுக்கு வழியனுப்பு விழா எடுத்தார்கள். மாலை போடும் பெருமை லிங்கத்துக்கு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாலையோடு அவர் முன்னால் போனபோது மேளச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

வாடை வந்தது.

"மொதலாளி. எறக்கவாங்க?"

மாலையைச் சார்ஜனின் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, உதடு அசையாமல், வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"எறக்கித் தொலை."

"சரிங்க," என்றது.

இறக்கியது. தரையில் அல்ல.

லிங்கத்தின் தலை முன்னால் சாய்ந்தது. முதுகு வளைந்தது. முழங்கால் மடிந்து, சார்ஜனின் பூட்ஸுக்கு நேரே முகம் தொங்க நின்றார். அடடா, என்ன மரியாதை என்று சார்ஜன் பூரித்துப்போனார். லிங்கம் இவ்வளவு குனியும்போது தாங்கள் நிமிர்ந்து நிற்பதா என்று மற்ற முதலாளிமாரும் பயந்து குனிந்தார்கள். ஒருவரைவிட ஒருவர் தாழக் குனிந்தார்கள். கடைத்தெரு முழுக்க வெறும் முதுகுகள். வீரசிங்கம் சிரித்துக்கொண்டே வண்டியேறிப் போனார்.

வண்டி மறைந்ததும் எல்லோரும் நிமிர்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

லிங்கம் நிமிரவில்லை.

"போயிட்டாருங்க, லிங்கம். போதும், எந்திரிங்க," என்றார் துணிக்கடை சிதம்பரநாதன். தூக்கிவிடலாமென்று அவருடைய தலைமேல் கையை நீட்டினார்.

தலைப்பாகைக்கு ஒரு சாண் மேலேயே, ஒன்றுமில்லாத இடத்தில், அவருடைய கை நனைந்த சாக்கில் முட்டியது.