மழைக்காலத்து மாவு

ரஸ்க் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அப்பாதான். பிறந்தபோது அவ்வளவு ஒல்லி. இப்போது நான்காம் வகுப்பு. இன்னும் ஒல்லிதான். தலைமுடி மட்டும் யாரையும் கேட்காமல் இடுப்பு வரை வளர்ந்துவிட்டது.

அந்த முடியை முன்பெல்லாம் அப்பாதான் பின்னிவிடுவார். அவர் தெருமுனை பேக்கரியில் ரொட்டி போடுபவர். மாவை மூன்று கயிறாக உருட்டி, பின்னி, அவர் சுடும் ரொட்டிக்கு அடுப்பு சூடாகும் முன்பே ஆட்கள் வந்து நிற்பார்கள். காலையில் வேலை முடிந்து வந்ததும் அதே விரல்களால் மகளுக்குப் பின்னல். வலது கை முறுக்கும், இடது கை பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் பின்னலை முகர்ந்து பார்ப்பார்.

"நல்லா வெந்திருக்கு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்!"

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. பின்னல் அம்மாவின் பொறுப்பாகிவிட்டது. அம்மா பஸ் கண்டக்டர். அவர் தலை பின்னினால், பின்னாலேயே பஸ் உறுமிக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

"அம்மா, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதும்மா."

"நிக்கட்டும். இடம் கிடைச்சா உட்காரும். ரைட், கிளம்பு!"

கோடையில் நிலைமை மாறியது. பிசியோ அக்கா வந்து பயிற்சி கொடுக்க, அப்பாவின் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நாள் ரஸ்க்கின் முடியில் ஒரு கொத்தை அந்தக் கையால் பிடித்துக்கூடக் காட்டினார்.

"மழை வர்றதுக்குள்ள உனக்கு நானே பின்னிடுவேன், பாரு."

ஆனால் மழை முந்திக்கொண்டது.

ஒரே அடைமழை. சுவரெல்லாம் வியர்த்தது. கொடியில் போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட ஈரமானது. அப்பாவின் இடது கால் மரக்கட்டையானது. கை, விரல்களை உள்ளே மடக்கி, முட்டியாக மூடிக்கொண்டது. அப்பா அதைத் துண்டுக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஈரக் காற்றோடு பேக்கரியின் ரொட்டி வாசனை ஜன்னல் வழியே வரும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஜன்னலைச் சாத்து, ரஸ்க்கு. குளிருது."

குளிர் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். சாத்தினாள். வாசனை கதவின் அடி வழியாக வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பெரிய மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்.

"எத்தனை டாக்டருங்க சீட்டு என் கை வழியா போயிருக்கு தெரியுமா?" என்று கேட்பார். அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட அவரால் படிக்க முடிந்ததில்லை. படிக்க முடியாததாலேயே அவற்றின் மேல் அவருக்கு அபார மரியாதை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி, ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

மாமா அப்பாவின் மூடிய கையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"ம்ம்."

"என்ன மாமா?"

"ம்ம்ம்ம்." இது இன்னும் பெரிய டாக்டரின் ம்ம். "குளிர் நரம்புக்குள்ள இறங்கிடுச்சு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்! வேற மருந்தே கிடையாது."

அம்மா வேலைக்குப் போயிருந்தார். மாமாவே சமையலறைக்குள் நுழைந்து ஒரு பேசின் நிறைய வெந்நீர் கொண்டுவந்தார்.

"சூடு சரியா இருக்கா பாருங்க, மாப்ள."

அப்பா யோசிக்கவே இல்லை. பேக்கரியில் அவர் வலது கையில் எப்போதும் நீளக் கரண்டி இருக்கும். அடுப்பின் வாயில் இடது கையை நீட்டித்தான் சூடு பார்ப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. வலது கையால் மூடிய இடது கையைத் தூக்கி நீருக்குள் வைத்தார்.

"சூடே இல்லையே, மச்சான்."

"பார்த்தீங்களா! அவ்வளவு குளிர் உள்ள போயிருக்கு!" மாமா மகிழ்ச்சியோடு இன்னும் ஒரு சொம்பு கொதிநீரை ஊற்றினார்.

துண்டோடு வந்த ரஸ்க், மாமாவின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவந்திருந்தது. ஒரு விரல் நுனியை நீரில் வைத்தாள்.

"ஆ!"

சட்டென்று அப்பாவின் கையை வெளியே இழுத்தாள்.

"சிகிச்சை நடக்கும்போது தொடக் கூடாதும்மா!" என்றார் மாமா.

"அப்ப நீங்களே விரலை வைச்சுப் பாருங்க, மாமா."

மாமா வைத்தார். உடனே அவர் வாயிலிருந்து வந்த சத்தம் எந்த டாக்டர் சீட்டிலும் இருந்திருக்காது.

ரஸ்க் அப்பாவைக் குழாயடிக்கு மெல்ல நடத்திப் போய், சிவந்த கையைக் குளிர்ந்த நீரில் வெகுநேரம் பிடித்திருந்தாள். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையதோ போல.

"எனக்குத் தெரியலையே, ரஸ்க்கு. இத்தனை வருஷமா இந்தக் கையாலதானே சூடு பார்த்தேன்..."

ரஸ்க் பிசியோ அக்காவுக்குப் போன் செய்தாள். சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு வந்த அக்கா, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேளை, கொப்புளம் இல்ல. யாரு உடனே தண்ணில காட்டினது?"

அப்பா ரஸ்க்கைக் காட்டினார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"குளிருலயும் ஈரத்துலயும் தசை இன்னும் இறுகிக்கும், சார். பக்கவாதம் வந்த நிறைய பேருக்கு மழைக்காலம் இப்படித்தான். முகம் கோணினா, பேச்சு குழறினா, ஒரு நிமிஷம்கூட நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது அது இல்ல. கைக்குக் கதகதப்பு வேணும். கொதிக்கிறது வேண்டாம். சூட்டை எப்பவும் வலது கையால பாருங்க."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் மாமா.

அக்கா போன பிறகு அப்பா கையை மறுபடி துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கோடையில திறந்த கை, மழையில மூடிக்கிச்சு. இனி அவ்வளவுதான். உனக்கு அம்மாவே பின்னட்டும்."

அம்மாவே பின்னட்டும். இதைக் கேட்டதும் ரஸ்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோடையில் தன் முடியைப் பிடித்த அந்த விரல்கள் மறுபடி வரவே மாட்டாவா? ஜன்னலுக்கு வெளியே பேக்கரியின் புகைக்குழாய் மழையில் மங்கலாகத் தெரிந்தது.

"அப்பா, மழைக்காலத்துல மாவு உப்புமா?"

"உப்பும். நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"அதை மாவுகிட்டத்தான் கேக்கணும்."

"சீக்கிரம் உப்பலைன்னா, கெட்டுப்போச்சுன்னு குப்பையில கொட்டிடுவீங்களா?"

அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எவனாவது கொட்டுவானா? கதகதப்பான இடமா பார்த்து, காத்து படாம துணி போட்டு மூடி, பொறுமையா இருக்கணும். அவசரப்பட்டு அடுப்புகிட்ட கொண்டுபோனா அதுவும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். துண்டை விலக்கித் தன் கையைப் பார்த்தார். உருட்டி வைத்த மாவு போலவே இருந்தது.

ரஸ்க் அதற்குள் அலமாரியிலிருந்து கனத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து வீடே பேக்கரியானது. வெதுவெதுப்பான நீரை அப்பாவின் வலது கை சோதிக்கும், பிறகு ரஸ்க்கின் முழங்கை சோதிக்கும். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் இடது கை உள்ளே போகலாம். பிறகு ஈரம் துடைத்து, உலர்ந்த துணியால் மூடல். பிறகு அக்கா சொல்லித் தந்த பயிற்சி. மாமாவுக்கும் ஒரு பதவி கொடுத்தாள்: கதவிடுக்கில் காற்று வராமல் மறைத்து நிற்பது. அந்த வேலைக்கு மாமாவின் உடல்வாகு மிகப் பொருத்தம்.

முதல் நாள் கட்டைவிரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. மறுநாள் அதுவும் பார்க்கவில்லை.

"இன்னும் உப்பல," என்றாள் ரஸ்க். "நாளைக்குப் பார்க்கலாம்."

சில நாள் இரண்டு விரல். சில நாள் வெறும் முட்டி. வெளியே மழை விடுவதாக இல்லை.

அப்படி ஒரு மழைக் காலையில், கையைத் துணியிலிருந்து எடுத்த அப்பா, விரல்களை மெல்ல அசைத்துப் பார்த்தார். பிறகு, "ரஸ்க்கு, சீப்பை எடு," என்றார்.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மூன்று கொத்து. வலது கை முறுக்கியது. இடது கை பிடித்தது. நழுவியது. மறுபடி பிடித்தது. மறுபடி நழுவியது. ரஸ்க் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

டிக்கெட் பையோடு வாசலில் நின்ற அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு பையைக் கீழே இறக்கி வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பஸ் அவருக்காகக் காத்திருந்தது.

ஒருவழியாகப் பின்னல் முடிந்தது. மேலே இறுக்கம், நடுவில் தொளதொள, நுனி எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யவில்லை. அப்பா அதை முகர்ந்து பார்த்தார்.

"நடுவுல சரியா வேகல."

"பரவாயில்லப்பா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்."

"ரைட்," என்றார் அம்மா, மிக மெதுவாக.

ரஸ்க் குடையோடு தெருவில் இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ரொம்பச் சிக்கலான கேஸுங்க. கதவுகிட்ட நின்னே குணப்படுத்தினேன்!"

பேக்கரியைத் தாண்டும்போது பின்னல் நுனியிலிருந்து அவிழத் தொடங்கியது. ரஸ்க் நுனியை இழுத்து இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை அந்தக் கையை அவள் திறக்கவே இல்லை.