மொச்சை கறுத்த கதை

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது சாய்வதென்றால் வேறொன்றுமில்லை, கவிகையின் விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். கவிகை என்பது ஊரின் மேல் கவிழ்த்த கண்ணாடிக் கூரை. அதற்கடியில் சில ஆயிரம் பேர், பெரும்பாலும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள், அளந்து விட்ட காற்றை இழுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். விளக்கு மங்கியதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஆளாளுக்குச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சுவரில் ஊர்க்கண் ஓடும்.

தெருக்களிலும் மண்டபங்களிலும் காற்று எங்காவது கசிகிறதா என்று கண்காணிக்கப் பதித்த கண்கள் அவை. காற்றை யார் பார்த்தார்கள்? தண்ணீர்க் குழாயடியில் யார் யாரை வைதது, எவர் வழுக்கி விழுந்தது, எவர் வீட்டுப் பெண் யாரோடு பேசிக்கொண்டு நின்றது, இதெல்லாம்தான் வேண்டியிருந்தது. ஊர்க்கண்ணே அன்றைய ருசியான துண்டுகளைப் பொறுக்கிக் கோத்துக் கொடுத்துவிடும். வீட்டுக்குள் மட்டும் அது நுழையக் கூடாது என்று சட்டம். அதனால் ஒருவர் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் நேரில்தான் போயாக வேண்டும். போனார்கள். ஆவுடையம்மாள் வீட்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், ஏனென்றால் அவள் வீட்டில் ஒரு பச்சோந்திக் குஞ்சு இருந்தது.

பூமியிலிருந்து வரும் உயிர்களைக் கவிகையில் குலுக்கல் போட்டுத்தான் தருவார்கள். ஆவுடை பல வருடம் பேர் கொடுத்துக் காத்திருந்து வாங்கிய குஞ்சு அது. விரல் நீளம்கூட இல்லை. மொச்சைக் காய் மாதிரி பச்சையாக இருந்ததால் மொச்சை என்றே பேர் வைத்தாள். அதற்காக ஆள் உயரத்துக்குக் கூண்டு செய்து, உள்ளே செடி அடர்த்தியாக வளர்த்து, இலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழச் செய்திருந்தாள். கிண்ணத்தில் வைத்தால் அது குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். அவளுடைய கணவன் கோமதிநாயகம் பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, தூர இருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான். மொச்சை ஒரு கண்ணால் அவனையும் மறுகண்ணால் இரைக்கு விட்ட வெட்டுக்கிளிக் குஞ்சையும் பார்த்தபடி நிம்மதியாக வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டவள் பிரம்மநாயகி. குடியிருப்போர் சங்கத் தலைவரின் மனைவி. அவளுக்கு விருந்தாளி வந்தால் பலகாரம் கொடுப்பதற்கு முன்பே ஆவுடை வீட்டுக்குத்தான் கூட்டிவருவாள். தட்டக்கூட மாட்டாள். நேரே கூண்டைத் திறந்து மொச்சையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு ஒரு நிறம் காட்டு, அத்தைக்கு ஒரு நிறம் காட்டு என்பாள். சிவப்புத் துணியைப் போர்த்திப் பார்ப்பாள். ஒருநாள் தன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் குஞ்சின் முன்னால் நீட்டினாள். தன்னைப் போலவே ஒன்று எதிரில் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்ட மொச்சை, மூக்கிலிருந்து வால்வரை கறுத்துப் போய் உஸ்ஸென்று சீறியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். பிரம்மநாயகி சிரித்த சிரிப்பில் கண்ணாடியை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மொச்சை பச்சைக்குத் திரும்பவில்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிளையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது. வெட்டுக்கிளி அதன் மூக்கின் மேலேயே ஏறி நடந்தாலும் நாக்கை நீட்டவில்லை.

காப்பான் வந்து பார்த்தது. கவிகையின் விலங்குகளுக்கெல்லாம் வைத்தியனும் காவலனும் அந்த இயந்திரம்தான். கோபமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. குஞ்சுக்கு நோய் எதுவுமில்லை, பார்வைதான் நோய் என்றது. பச்சோந்தியை வேட்டையாடும் எதுவும் முதலில் உற்றுத்தான் பார்க்கும், ஆகவே உற்றுப் பார்ப்பதெல்லாம் அதற்கு எமன். தொடக் கூடாது, கூடி நிற்கக் கூடாது, இன்னொரு பச்சோந்தியைப் போல எதையும் காட்டக் கூடாது. அடுத்த முறை வரும்போதும் கறுத்திருந்தால் குஞ்சை எடுத்து வேறு வீட்டில் விட்டுவிடுவேன் என்று சொல்லிப் போய்விட்டது. காப்பான் ஒருமுறை எடுத்தால் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஆவுடை ஓடினாள். பிரம்மநாயகி வீட்டு வாசலில் நின்று கெஞ்சினாள்.

"மதினி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். கொஞ்ச நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வராதிய. குஞ்சு செத்துப்போயிரும்."

பிரம்மநாயகி கூந்தலைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, போ, கூறுகெட்டவளே. பாத்தா தேஞ்சா போயிரும்?"

மறுநாளே, மகளுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆவுடைக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமான வார்த்தையில் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. இவள் நாசமாய்ப் போக வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கோமதிநாயகம் தன் வழக்கப்படி, சவத்தை விடு, கதவுக்குப் பூட்டுப் போடுவோம் என்றான். பூட்டுப் போட்டால் குஞ்சுக்குப் போதும். ஆவுடைக்குப் போதாது.

சும்மா சபித்துவிட்டு இருக்க அவள் கையாலாகாதவள் அல்ல. அவள் நிறத்தோல் நிலையத்தில் வேலை பார்த்தாள். நிறத்தோல் என்பது முகத்திலும் கழுத்திலும் தோலுக்கடியில் தூவும் நுண்மணிகள். காதுக்குப் பின்னால் விரலால் தடவினால் விரும்பிய நிறம் வரும். புடவைக்கு ஏற்ற கன்னம், வளையலுக்கு ஏற்ற கழுத்து என்று கவிகையின் பணக்காரப் பெண்களுக்கெல்லாம் அதில் பைத்தியம். பிரம்மநாயகி ஒவ்வொரு விசேஷத்துக்கு முன்பும் ஆவுடையிடம்தான் வந்து அதைச் சரிசெய்துகொள்வாள். குஞ்சைப் படுத்துகிற பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

மகளின் நிச்சயதாம்பூலத்துக்கு முந்தின நாளும் வந்தாள். பட்டுக்குப் பொருத்தமாகச் சந்தன நிறம் வேண்டும் என்றாள். ஆவுடை புன்சிரிப்போடு தலையாட்டினாள். அந்த நுண்மணிகளை விரலுக்குக் கட்டுப்படாமல் ரத்தத்துக்குக் கட்டுப்படும்படி மாற்ற முடியும் என்பது நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். மனதில் இருப்பது அப்படியே முகத்தில் நிறமாக வந்துவிடும். அப்படி ஒன்றை எந்த மடையன் வாங்குவான் என்று ஆரம்பத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். ஆவுடை அதைத்தான் செய்தாள். மாற்றினால் மாற்றியதுதான், புதிய மணிகள் பூமியிலிருந்து அடுத்த கப்பலில்தான் வர வேண்டும், அது எப்போதென்று கப்பல்காரனுக்கே தெரியாது. அதையும் தெரிந்துகொண்டுதான் செய்தாள்.

நிச்சயதாம்பூலம் பொது மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா கழுத்து நிறைய நகையோடு உள்ளே வந்தபோது, ரொம்ப லட்சணமா இருக்கிய என்று பிரம்மநாயகி வாய் நிறையச் சொன்னாள். சொல்லும்போதே பொறாமையில் கன்னம் இரண்டும் பழுத்த இலை மாதிரி மஞ்சளித்தன. சம்பந்தியம்மாள் சாம்பாரில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் கழுத்திலிருந்து நெற்றிவரை மிளகாய்ச் சிவப்பு ஏறியது. அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லை என்று அவள் பதறிச் சொல்ல, அந்தப் பொய்க்கு மூக்கு ஊதாவானது.

முதலில் திகைத்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள், அவ்வளவுதான், சபையே அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டது. பிள்ளைகள் ஓடிவந்து, மாமி இன்னொரு நிறம் என்று கேட்டார்கள். பெரியவர்களும் சளைக்கவில்லை. ஓரகத்தி பேரைச் சொல்லிப் பார், மாமியார் பேரைச் சொல்லிப் பார் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொடுத்தார்கள். பிரம்மநாயகிக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆவுடை முன்னால் வந்தாள். தன் வீட்டில் பிரம்மநாயகி மறந்து வைத்துவிட்டுப் போன அந்தக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கண்ணாடியில் தன்னைக் கண்ட பிரம்மநாயகி கறுத்தாள். அட்டைக் கறுப்பு. வாழை மரங்களைக் கட்டியிருந்த மூலைக்குப் போய் இலைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். மகள் வந்து கூப்பிட்டும் வெளியே வரவில்லை. ஆவுடைக்கு அன்று பாயசம் இரட்டிப்பாக இனித்தது.

அன்று விளக்கு மங்கியதும் ஊர்க்கண்ணில் வேறெதுவும் ஓடவில்லை. மறுநாளும் அதுதான். சம்பந்தம் முறிந்தது, அதையும் காட்டினார்கள். பிரம்மநாயகி தெருவில் கால் வைத்தாலே பின்னால் ஒரு கூட்டம் வந்தது, ஆகவே அவள் வெளியே வருவதை நிறுத்தினாள். திரையை இழுத்துவிட்டுச் செடித்தொட்டிகளுக்கு நடுவே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கறுத்த முகத்தையே எத்தனை நாள் பார்ப்பது என்று கொஞ்ச நாளில் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதும் நின்றது. சுவரில்தான் அந்தப் பழைய காட்சி வேண்டும்போதெல்லாம் கிடைக்கிறதே.

ஊர் முழுக்க அவள் பின்னால் போய்விட்டதால் ஆவுடை வீட்டுக்கு யாரும் வரவில்லை. மொச்சை மெல்லக் கண்ணைத் திறந்தது. ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. வாலிலிருந்து பச்சை திரும்பத் தொடங்கியது. பழிக்குப் பழியும் ஆயிற்று, குஞ்சும் பிழைத்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆவுடைதான் விடவில்லை.

பழி வாங்கியதைத் தனியாக அனுபவித்தால் ருசிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயைக் கூப்பிட்டாள். செல்லத்தாய் நாலு பேரைக் கூட்டிவந்தாள். ஆவுடை வீட்டுச் சுவர் பெரியது, பிரம்மநாயகியின் முகம் அதில் தரையிலிருந்து கூரைவரை தெரிந்தது. மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு. தினமும் மாலையானால் முறுக்கும் கையுமாக வந்து உட்கார்ந்து, நிறுத்து, அந்த மஞ்சளை மறுபடி போடு என்று கேட்டுச் சிரித்தார்கள். தன்வினை தன்னைச் சுடும் என்று ஆவுடை ஒவ்வொரு நாளும் தவறாமல் சொன்னாள்.

அதோடு நிற்கவில்லை. பட்ட பாடெல்லாம் பட்டது மொச்சைதானே, அதுவும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று கூண்டை நகர்த்திவந்து சுவருக்கு நேராகத் திருப்பி வைத்தாள். மறைத்த இலைகளை நறுக்கிவிட்டாள். "பாருடா என் ராசா, ஒன் எதிரி கறுக்குதா பாரு" என்று கொஞ்சினாள்.

கோமதிநாயகம் வாசலில் நின்று பார்த்தான்.

"அதுக்கு எதுக்குட்டி இதெல்லாம்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆவுடை காதில் வாங்கவில்லை. எல்லாரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூண்டை யாரும் பார்க்கவில்லை. பச்சோந்திக்குப் பிரம்மநாயகியும் தெரியாது, பழியும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய பச்சோந்தி ஒன்று எதிரே நின்று நிறத்தை மாற்றி மாற்றிச் சண்டைக்குக் கூப்பிடுகிறது, ஒளிந்துகொள்ள இலை இல்லை.

காப்பான் வந்தபோது மொச்சை கிளையிலிருந்து கீழே விழுந்து கரித்துண்டு மாதிரிக் கிடந்தது. இயந்திரம் குஞ்சைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, முறுக்கோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தது. குஞ்சை எடுத்துக்கொண்டது. ஆவுடை அழுதாள், காலில்லாத அந்த இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் வீட்டில் விடப்போகிறாய் என்று கேட்டதற்கு மட்டும் அது நின்று பதில் சொன்னது.

"இந்தக் கவிகையில் யாரும் எட்டிப் பார்க்காத வீடு ஒன்றுதான் இருக்கிறது. செடிகளும் இருக்கின்றன. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கொண்டு வா, நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்றார். அது போதும்."

அது எந்த வீடு என்று ஆவுடைக்குச் சொல்லவும் வேண்டுமா?

சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு முடியவில்லை. பிரம்மநாயகி வீட்டுக் கதவைத் தட்டினாள். நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு கையகலம் திறந்தது. உள்ளே இருட்டில் இலைகளில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. இலைகளுக்கு நடுவே சின்னதாக, பச்சையாக ஏதோ அசைந்தது போல இருந்தது. இடுக்கில் தெரிந்த பாதி முகமும் இளம்பச்சையாக, அமைதியாகத்தான் இருந்தது. ஆவுடையைக் கண்டதும் அது கழுத்திலிருந்து மேலே கறுத்துக்கொண்டே வந்தது. கோபத்துக்குச் சிவப்பு என்று நிறத்தோல்காரியான ஆவுடைக்குத் தெரியும். கறுப்பு பயத்துக்கு.

"மதினி, ஒரே ஒரு தடவ. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருதேன். பாத்தா தேஞ்சா போயிரும்?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது.

"தேயாதுட்டி," என்றாள் பிரம்மநாயகி. "கறுக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. ஆவுடை அந்தக் கதவிலேயே தலையை முட்டிக்கொண்டு, அது தெரு என்பதையும் மறந்து, மூக்கு ஒழுக அழுதாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். ஊர்க்கண் அந்தக் கதவுக்கு மேலேயே பதித்திருந்தது.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் விளக்கை மங்கவைத்துவிட்டார்கள். கோமதிநாயகம் சுரங்கத்திலிருந்து இன்னும் வரவில்லை. காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்தாய் வீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். நிறுத்து, அந்த அழுகையை மறுபடி போடு என்று யாரோ சொன்னார்கள். முறுக்கு நொறுங்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

ஆவுடை எழுந்து போய்க் கூண்டில் மிச்சமிருந்த செடிகளுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாதபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.