நான்கு விநாடி முகம்

"இன்னும் நாலே விநாடி இருக்கு சார். அதையும் விளக்கு பார்க்கிறதுல தீர்த்துட்டா, படம் எப்ப எடுக்கிறது?"

நிலோஃபர் இப்படிக் கேட்பது ஆறாவது முறை. சிவப்பு மங்கலில் எதிரே உட்கார்ந்திருந்த விளக்குத் தேர்வுக்குழுத் தலைவர் திருவேங்கடம் ஆறாவது முறையாகக் கொட்டாவி விட்டார்.

தேய்மானி வந்த பிறகு உலகமே இப்படித்தான் ஆகிவிட்டது. பொட்டு அளவுக் கருவி. எதன் மேல் ஒட்டினாலும், அதன் நிறம் இன்னும் எத்தனை விநாடி வெளிச்சம் தாங்கும் என்று சொல்லிவிடும். கல்யாணப் பட்டுச் சேலையை இருட்டறையில் உடுத்தி, இருட்டறையிலேயே மடித்து வைத்தார்கள். அருங்காட்சியகங்கள் ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஓவியங்களை இரும்புப் பேழைக்குள் தள்ளின. விளக்கு எரியும் நேரம் மட்டும் பேழை திறக்கும். தேய்மானியின் முள் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் திறக்கவே திறக்காது.

இந்தப் பேழைக்குள் ஒரு ராணி இருந்தாள், துணி ஓவியமாக. உயிரோடு இருக்கும் எவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த முகத்தை ஒரே ஒரு படம் எடுக்க நிலோஃபர் ஒன்பது வருஷம் மனுப் போட்டு அலைந்திருக்கிறாள்.

"போலித் துணி ஒண்ணுல சோதிச்சுக்கலாமே சார்?"

"போலியில சோதிச்ச விளக்கு போலிக்குத்தாம்மா பொருந்தும். விதி பதினாலு."

"அப்ப முகத்துலயே சோதிங்க. அந்தப் படத்தையே வச்சுக்கலாம்."

"முகத்துலயா! ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஓரமா, கீழ் மூலையில பண்ணுங்க."

வெளிச்சம் எங்கே விழுந்தாலும் முள் இறங்கும். அதைச் சொல்லியும் பலனில்லை. கேமராவைக் கீழ் மூலைக்குத் திருப்பித் திருகாணியால் முடுக்கினார்கள்.

பளிச்சு விளக்கு. முள் மூன்றுக்கு வந்தது. குளிர்விளக்கு. இரண்டு. பக்கவாட்டில் சரிந்து விழும் சாய்விளக்கு. ஒன்று.

திரையில் ராணியின் காலடிக் கம்பளத்துக் குஞ்சம், நூல் நூலாக, அற்புதமாக இருந்தது.

"குளிர்விளக்குதான்," என்றார் திருவேங்கடம். குழு ஒருமனதாகத் தலையாட்டியது. நிலோஃபர் திருகாணியைக் கழற்றக் குனிந்தாள்.

"இரும்மா. தேர்ந்தெடுத்த விளக்குக்கு உறுதிச் சோதனை ஒண்ணு பாக்கி."

"சார், இருக்கிறதே ஒரு விநாடி!"

"அதான் ஒண்ணு இருக்குல்ல?"

அவளுக்குக் காது சுட்டது. ஒன்பது வருஷம், ஒரு குஞ்சத்துக்கா? குழுவினர் குறிப்பெழுதத் தலை குனிந்தார்கள். கேமரா அசையாது, ஆனால் விளக்கின் கழுத்து அசையும். வெடுக்கென்று அதை மேலே, முகத்துப் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள்.

கேமரா இருட்டு மூலையைப் படம் பிடித்தது. குழு நிமிர்வதற்குள் பேழை 'டம்' என்று மூடிக்கொண்டது. இனி திறக்காது.

திருவேங்கடத்தின் கொட்டாவி எங்கோ ஓடிப்போயிருந்தது. "முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். அவ கண்ணு..."

"ஐயய்யோ, சொல்லாதீங்க!" பாய்ந்து வந்து, பையிலிருந்து எதையோ எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினார். "ஞாபகத்துக்கும் இப்ப தேய்மானி வந்தாச்சும்மா. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் அழியும். மிச்சமிருக்கிற ஒரே பிரதி நீங்கதான்."

முள் நடுங்கி, நான்கில் நின்றது.

அவளிடம் முகத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தீர்மானிக்க அங்கேயே ஒரு குழு அமைந்தது. திருவேங்கடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"முதல்ல ஒரு சோதனை. முகம் வேண்டாம். ஓரமா ஏதாவது, அந்தக் கம்பளத்தைப் பத்திச் சொல்லுங்க."