பலகையில் சிரித்த மருதை

செவ்வாய்க்கிழமை காலை. காட்டூரில் மருதையின் பழைய செல்போன் அடித்தது. வேலம்மாள் எடுத்தார்.

"மருதை அண்ணன் இருக்காங்களா? துறையூர்லேர்ந்து செந்தமிழன் பேசறேங்க. ஆஸ்பத்திரியில அண்ணனோடதான் நானும் கிட்னிக்குக் காட்டிக்கிட்டிருந்தேன்."

வேலம்மாளின் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணன் படத்தை போர்டுல பார்த்தேங்க. அந்தப் பொடியிலதான் குணமாயிடுச்சாமே. நானும் மாத்திரையை நிறுத்திட்டு அதைத்தான் சாப்பிடறேன். எத்தனை வேளைன்னு கேட்கலாம்னு..."

"அவரு இல்லை தம்பி. செத்துப் போயிட்டாரு. நீங்க முதல்ல மாத்திரையைப் போடுங்க."

"போர்டுல நல்லா சிரிக்கிறாரேங்க" என்றான் செந்தமிழன்.

மதியம். சத்திரம் பேருந்து நிலையம். சைபர் கிரைம் சப்-இன்ஸ்பெக்டர் அறிவுமதி வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இருபதடிப் பலகை முழுக்க மருதையின் முகம். பின்னால் ஆற்றங்கரை அம்மா மண்டபத்துப் படித்துறை. நரைத்த மீசையை முடிமுடியாக எண்ணலாம். மூக்கு நுனியில் ஒரு நீர்த்துளி, அதில் வெயில். கீழே: 'என் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது இந்த மூலிகைப் பொடி. – ராமலிங்கம், விவசாயி, மருங்காபுரி.'

பக்கத்தில், புகார் கொடுத்திருந்த வேலம்மாளின் மகள் வைஷ்ணவி கொதித்துக் கொண்டிருந்தாள்.

"இந்தப் படம் யார் எடுத்தது?"

"நான்தான் மேடம். மூணு வருஷம் முன்னாடி. அன்னிக்கே சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்."

"யார் மேல சந்தேகம்?"

"அஜித். சித்தப்பா பையன். தில்லைநகர்ல பேனர் டிசைன் பண்றான். காசுக்காக எதையும் விப்பான்."

அறிவுமதி பொடி நிறுவனத்துக்கு போன் போட்டாள். "திருடலை மேடம். முறைப்படி அனுமதி உள்ள படம். விவரமெல்லாம் எழுத்துலதான் தருவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அஜித் தன் கடையில் அழாத குறையாக நின்றான். "பெரியப்பா படத்தை நான் விப்பேனா மேடம்? எனக்கு வந்ததை ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். மாலை போடற படத்துக்கு. அவ்வளவுதான்."

அந்த ஸ்டூடியோ ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலருகே இருந்தது. உரிமையாளர் பீமராவ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"அஜித் அனுப்பினது இதுதான் மேடம். ஒரு ஃப்ரேம் அளவுக்குப் பெரிசு பண்றதுக்குள்ளயே முகமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. தேய்ச்சு மழுப்பித்தான் குடுத்தேன்."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"இதை யாருங்க கேப்பாங்க?"

சாயங்காலம் காட்டூர் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சுவரில் மாலையோடு மருதை, மெழுகு பூசியது போன்ற மங்கல் முகம். அலமாரியில் தூசி படிந்த கேமரா பை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள் அறிவுமதி.

"அஜித் விக்கலை. பீமராவும் விக்கலை. அவங்ககிட்ட இருந்தது வாட்ஸ்அப் சுருக்கின படம். ஃப்ரேமுக்கே தாங்காதது இருபதடிக்கு எப்படித் தாங்கும்? பலகையில மூக்கு நுனியில இருந்த தண்ணிகூடத் தெரியுது. அது கேமராவுல இருந்த ஒரிஜினல். அந்தக் கேமரா யாரோடது?"

"என்னோடது" என்றாள் வைஷ்ணவி. "ஆனா நான் யாருக்கும் குடுக்கலையே."

"எங்கயாவது ஏத்தினீங்களா?"

வைஷ்ணவி அலமாரியில் இருந்த கேமரா பையைப் பார்த்தாள். "காலேஜ் படிக்கும்போது ஒரு போட்டி... இலவசப் படம் தர்ற வெப்சைட்..."

அறிவுமதி தன் போனை நீட்டினாள். 'ஆற்றோரம் சிரிக்கும் முதியவர்.' கீழே வைஷ்ணவியின் பெயர். அதன் கீழே, விளம்பரம் உட்பட எதற்கும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி.

"வீட்டுக்கு வர்ற வழியிலதான் தேடிப் பிடிச்சேன். எடுத்தவங்க நீங்க, அதனால படத்தோட உரிமையும் உங்களோடதுதான். அதை நீங்களே ஊருக்கெல்லாம் திறந்து விட்டிருக்கீங்க வைஷ்ணவி."

"எல்லாரும் பார்ப்பாங்கன்னுதான் நினைச்சேன் மேடம். படிக்கவே இல்லை, அப்படியே டிக் பண்ணிட்டேன்." அவள் தன் போனை எடுத்தாள். "இப்பவே அழிச்சிடறேன்."

"அழிங்க. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. ஏற்கெனவே எடுத்தவங்களுக்குக் குடுத்த அனுமதி திரும்பாது."

"அப்போ அந்தப் பொடிக்காரன்?"

"படத்துக்குத்தான் அனுமதி. பொய்ப் பேரு போட்டு, இல்லாத குணத்தைச் சொன்னதுக்கு இல்லை. அதுக்குக் கேஸ் போடறேன்."

வைஷ்ணவி அஜித்தின் பக்கம் திரும்பினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை பலகை இறங்கியது. செந்தமிழனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவன் மனைவி வேலம்மாளிடம் போனில் சொன்னாள். டாக்டர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லையாம்.

அடுத்த வாரம் வைஷ்ணவி இணையத்தில் அப்பாவின் முகத்தைத் தேடினாள். ஒரு தெலுங்கு இன்சூரன்ஸ் விளம்பரம். ஒரு பல் கிளினிக். முகம் தெரியாத யாரோ எழுதிய முதுமை பற்றிய கட்டுரை. ஒவ்வொன்றையும் அறிவுமதிக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

"பார்த்தேன். இதுல பேரும் இல்லை, பொய்யும் இல்லை. கேஸ் நிக்காதும்மா. எடுத்துடுங்கன்னு வேணா கேட்டு எழுதலாம். எடுக்கறது அவங்க இஷ்டம்."

"எங்கப்பா மேடம் அது."

"தெரியுதும்மா" என்றாள் அறிவுமதி. போனை வைக்காமல், அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.