இரண்டாவது பூச்சு

கை வைத்தபோது பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், வெயில் எட்டாத சமையற்கட்டு மூலையில் தரை சில்லிட்டுக் கிடக்க, பழைய வால்வு ரேடியோவின் தேக்குப் பெட்டி மட்டும், யாரோ இப்போதுதான் சாய்ந்து எழுந்துபோன தலையணைபோலச் சூடு காட்டியது. மூர்த்தி அதைப் பெரிதாக எண்ணவில்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. விற்ற கெம்பம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மேலாப்புல ஒரு கை வார்னிஷ் அடிச்சிக்கோ சாமி. பழசை மட்டும் சொரண்டிடாத."

"பெயிண்ட் ஷாப்காரன்கிட்டயே வார்னிஷ் பாடமா ஆத்தா?" என்று சிரித்தான். வண்டித் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பெயிண்ட் பிரிவில் நின்றவன் அவன். பழைய பூச்சின்மேல் புதுப்பூச்சு அடிப்பவனை அங்கே மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

ஜூஜுவாடியில் இருக்கும் வீடு வரை, பைக்கின் பின்னால் அவன் மனைவி பவளம் பெட்டியை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"கல்யாணமான ஆறு வருசத்துல என்னை இப்பிடிப் புடிச்சிருக்கியா?"

"பொட்டி வுழுந்தா ஒடைஞ்சிடும். நீங்க வுழுந்தா எந்திரிச்சிப்பீங்க."

இன்று அவள் இரவு ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் உறங்குகிறாள். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும், தின்னரின் மூக்கைச் சுடும் நெடியும் கலந்த அந்த மந்தமான பொழுதில், மூர்த்தி பெட்டியின் இடப்பக்கத்தில் தின்னரைத் தடவினான். பழைய வார்னிஷ், பாலாடைபோலச் சுருங்கி, ஒரே உரிப்பாக உரிந்து வந்தது.

"ஏங்க... இடது கை எரியுதுங்க," என்றாள் பவளம் உள்ளறையிலிருந்து, தூக்கக் குரலில்.

"கொசுவா இருக்கும். தூங்கு."

உப்புத்தாளை எடுத்து, உரித்த பக்கத்தில் மரத்தின் இழையோட்டத்தை ஒட்டியே தேய்த்தான். உள்ளறையில் முனகல். நிறுத்தினான், முனகலும் நின்றது. காது கொடுத்துக் கேட்டான். பிறகு, தன்னையே கேலி செய்பவன்போல, ஓரத்தில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தான்.

"அம்மா!"

ஓடினான். பவளத்தின் தோள் முதல் முழங்கை வரை தோல் வழன்று சிவந்திருந்தது. கீறல்கள் தாறுமாறாக இல்லை. கோடு போட்டாற்போல, ஒரே திசையில், நேராக, உப்புத்தாள் ஓடிய அதே வாக்கில்.

"என்னங்க இது? ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. காத்துப் பட்டாலே உயிர் போவுது."

வண்டிச் சாவியைத் தேடியவன் நின்றான். பூச்சு உரித்த வெறும் தகட்டைக் கால்மணி நேரம்கூட அப்படியே விடக் கூடாது, உடனே பூசி மூடவேண்டும். பதினோரு வருடப் பழக்கம் அவன் கைகளைப் பெட்டியிடம் இழுத்துச் சென்றது. சீலர் டப்பாவைத் திறந்தான். மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளையெல்லாம் அடைக்கும் பூச்சு அது. பஞ்சில் நனைத்து, உரித்த பக்கத்தில் மெல்ல ஓட்டினான்.

"ஐயோ... சில்லுன்னு இருக்குங்க," என்றாள் உள்ளிருந்து. "எரிச்சலே போச்சு. என்ன பண்றீங்க?"

அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம்."

"வலது கையும் எரியறாப்பல இருக்கு."

வலப்பக்கம் பூசினான். பிறகு மேற்பலகை. பிறகு முகப்பு. அவளுக்கு எங்கும் வலிக்கக் கூடாது. ஒரு பூச்சில் ஊசித்துளை நின்றுவிடும். தொழிற்சாலையில் எப்போதும் இரண்டு. இரண்டாவதையும் பூசினான். ஒரு புள்ளி விடாமல்.

லாரிச் சத்தம் இல்லை. குக்கர் இல்லை.

"பவளம்?"

தூங்கியிருப்பாள்.

"பவளம்."

கதவைத் தள்ளினான். சன்னல் வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அவள் மல்லாந்திருந்தாள். முகம் மின்னியது. வியர்வை அல்ல. வியர்வை இப்படிச் சமமாகப் படியாது.

மூக்குத் துளைகள் இல்லை. உதடுகளுக்கு நடுவே கோடு இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே வழவழப்பு. விரல் வைத்தான். கெட்டி. காய்ந்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

கண்கள் மட்டும் திறந்திருந்தன, பூச்சுக்கு அடியில். அவை அவனைத்தான் பார்த்தன. பார்த்துக்கொண்டே அவை நிறைந்தன. கண்ணீர் வெளியே வர வழியில்லாமல், அந்தத் தெளிந்த பூச்சுக்கு உள்ளேயே, கன்னத்தில் மெல்லப் பரவியது.